மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள்

மும்பைக்கு வேலைக்கு வரப்போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் போன் போட்டால் முதலில் கேட்பது, "அக்கா, அங்க வாடகை எவ்வளவு இருக்கும்?" என்றுதான். ஆபீஸ் எந்த ஸ்டேஷன் பக்கம், எத்தனை மணிக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் வாடகையைப் பேசிப் பிரயோஜனம் இல்லை. இங்கே யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. லோக்கல் ரயிலில் எந்த லைன், ஸ்லோ வண்டியா ஃபாஸ்ட் வண்டியா, எங்கே மாற வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. லோயர் பரேலில் ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரு காலத்தில் பஞ்சாலைச் சங்கு ஊதிய இடம் அது. 1982இல் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிப்போய், அந்த நிலத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்களும் மால்களும் நிற்கின்றன. தீப்பெட்டி ஆபீஸும் மில்லும் பார்த்து வளர்ந்தவள் என்பதால், இடிக்காமல் விட்டுவைத்திருக்கும் புகைபோக்கிகளைப் பார்த்தால் எனக்கு ஒரு சொந்தம் தோன்றும். சரி, அது என் பாடு.

நகரம் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. சுற்றிலும் தண்ணீர், அகலம் கிடையாது. சர்ச்கேட்டிலிருந்து அந்தேரி, போரிவலி வழியாக விரார் பக்கம் போவது வெஸ்டர்ன் லைன். சிஎஸ்எம்டி எனப்படும் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸிலிருந்து தாணே, கல்யாண் போவது சென்ட்ரல். செம்பூர், வாஷி வழியாகப் பன்வேல் போவது ஹார்பர். 1853இல், இப்போது சிஎஸ்எம்டி நிற்கும் போரி பந்தரிலிருந்து தாணேக்கு ஓடியதுதான் நாட்டின் முதல் பயணிகள் ரயில். அதன் பிறகு ஊரே தண்டவாளத்தை ஒட்டித்தான் வளர்ந்தது. அதனால் வீடும் ஆபீஸும் ஒரே லைனில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெஸ்டர்னிலிருந்து சென்ட்ரலுக்கு மாற வேண்டுமென்றால் பெரும்பாலும் தாதர்தான். காலை ஒன்பது மணிக்கு தாதர் பாலத்தில் தினமும் ஏறி இறங்குவதைவிட மாதம் இரண்டாயிரம் ரூபாய் வாடகை கூடக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது, வண்டி புறப்படும் ஸ்டேஷன் பக்கமாக வீடு பாருங்கள். போரிவலி, கோரேகாவ், அந்தேரி, தாணே, டோம்பிவிலி, கல்யாண் இங்கெல்லாம் சில வண்டிகள் காலியாகவே கிளம்பும். நான் கோரேகாவில் வீடு எடுத்ததற்கு அது ஒன்றுதான் காரணம். அடுத்த ஸ்டேஷனான மாலாடு பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? போரிவலிக்கு எதிர்த்திசையில் ஒரு வண்டி ஏறிப் போய், அந்த வண்டியே திரும்பும்போது அதே சீட்டில் உட்கார்ந்தபடி ஆபீஸ் போவார்கள். இப்படிச் செய்வதானால் மாத பாஸை போரிவலியிலிருந்தே எடுத்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் டிக்கெட் இல்லாப் பயணம் ஆகிவிடும். இன்னொன்று, ஃபாஸ்ட் வண்டி லோயர் பரேலில் நிற்காது. அந்தேரி, பாந்திரா, தாதர், மும்பை சென்ட்ரல் என்று தாவிப் போய்விடும். உங்கள் ஆபீஸ் ஸ்டேஷனில் எது நிற்கும் என்று பார்க்காமல் "ஃபாஸ்ட் இருக்கே" என்று தூரத்தில் வீடு எடுக்காதீர்கள். அப்புறம் விரார் ஃபாஸ்ட் என்று ஒன்று வரும். அந்தேரிக்கோ போரிவலிக்கோ போக அதில் ஏறாதீர்கள். அங்கே நிற்கும்தான், ஆனால் உள்ளே இருப்பவர்கள் இறங்க வழிவிட மாட்டார்கள், திட்டும் கிடைக்கும். விராருக்குப் போகிறவர்களுக்கு அதை விட்டால் கதியில்லை, அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

லேடீஸ் பெட்டியைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும். இந்த ஊர் எனக்குக் கற்றுத்தந்ததில் பாதி அங்கே கற்றதுதான்.

உள்ளே நுழைந்ததும் நிற்பவர்கள் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்கள்: "கஹாங்?" எங்கே இறங்குவீர்கள் என்று அர்த்தம். "அந்தேரி" என்று பதில் வந்தால் அந்த சீட் உங்களுக்கு எழுதியாயிற்று. "போல் தியா" என்று வந்தால் உங்களுக்கு முன்னால் வேறொருத்தி சொல்லிவைத்துவிட்டாள், அடுத்தவரைக் கேட்க வேண்டியதுதான். இதற்குச் சீட்டு, டோக்கன் எதுவும் கிடையாது. ஆனால் முப்பது பேர் நிற்கும் இடத்தில் யாருக்கு யார் சீட் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், மாற்றி உட்கார்ந்தால் பெட்டியே கேட்கும். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவதாக ஒருத்திக்கு விளிம்பில் இடம் விடுவது வழக்கம். நாலாவது ஆள் பாதி உடம்பு வெளியே தொங்க, காலை ஊன்றிக்கொண்டு உட்கார வேண்டும். கேட்டால் கொடுத்துவிடுவார்கள், "தோடா சர்க்கோ" என்றால் போதும். கேட்காமல் நெருக்கி உட்கார்ந்தால்தான் சண்டை.

இறங்குவதற்கும் முறை உண்டு. உங்கள் ஸ்டேஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்பே எழுந்து வாசல் பக்கம் வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு ஸ்டேஷன் பேரை மட்டும் கேள்வியாகச் சொல்லுங்கள்: "தாதர்?" தலையாட்டினால் அவருக்குப் பின்னால் நில்லுங்கள். இல்லையென்றால் அவரே ஒதுங்கி உங்களை முன்னால் விடுவார். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதையும் இதே வரிசையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பையை முதுகில் மாட்டாதீர்கள், முன்பக்கம் மாட்டுங்கள், அல்லது மேலே ஏற்றச் சொல்லுங்கள். கைமாறிப் போய் ராக்கில் உட்கார்ந்துவிடும், இறங்கும்போது கைமாறி வரும்.

சாயங்கால வண்டியில் பட்டாணி உரிப்பார்கள், பீன்ஸ் நறுக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்வார்கள். கம்மல், ஹேர் கிளிப், நைட்டி, மொபைல் கவர் எல்லாம் கைப்பிடிகளில் தொங்கும். என் வீட்டுக் கத்தரிக்கோல் முதல் தங்கச்சிக்கு வாங்கிய வளையல் வரை அங்கே எடுத்ததுதான். நவராத்திரி ஒன்பது நாளும் ஒவ்வொரு நாளைக்கு ஒரு நிறம். பெட்டி முழுக்க ஒரு நாள் மஞ்சள், ஒரு நாள் பச்சை. அந்தப் பட்டியல் செய்தித்தாளிலும் வாட்ஸ்அப்பிலும் முன்கூட்டியே வந்துவிடும். கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் கட்டிப்போனால் அன்றைக்கு நாலாவது சீட் கேட்காமலே கிடைக்கும்.

எல்லாம் இனிப்பு என்று சொல்ல வரவில்லை. தினமும் ஒரே வண்டியில் வரும் குரூப்புகள் கர்ச்சீப், பை போட்டு தோழிகளுக்கு சீட் பிடித்துவைப்பது நடக்கிறது, அது அடாவடிதான். புதுசாக வந்தவள் அதில் சண்டைக்குப் போக வேண்டாம், பெட்டியை மாற்றிக்கொண்டால் போதும். பிளாட்பாரத்தில் லேடீஸ் பெட்டி எங்கே நிற்கும் என்பதற்குத் தூண்களிலும் சுவரிலும் சாய்கோடு போட்டிருப்பார்கள். பன்னிரண்டு பெட்டி வண்டிக்கும் பதினைந்து பெட்டி வண்டிக்கும் அந்த இடம் மாறும், இண்டிகேட்டரைப் பாருங்கள். ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டி சாதாரணப் பெட்டிக்கு ஒட்டினாற்போல இருக்கும். ஓடிவந்து ஏறினால் தெரியாது, பிடித்தால் அபராதம். ராத்திரி லேடீஸ் பெட்டியில் ஒரு போலீஸ்காரர் ஏறுவார். ஏதாவது தொந்தரவு என்றால் ரயில்வே உதவி எண் 139. ஞாயிற்றுக்கிழமை எங்காவது கிளம்புமுன் மெகா பிளாக் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டவாள வேலைக்காக மணிக்கணக்கில் வண்டிகளைக் குறைத்துவிடுவார்கள்.

மெட்ரோவும் வந்துவிட்டது. ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரைக்கும் போகும் நிலத்தடி மெட்ரோ 2025 அக்டோபரில் முழுசாகத் திறந்தது. பிகேசி எனப்படும் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸிலோ வோர்லியிலோ ஆபீஸ் என்றால் அதையும் கணக்கில் வையுங்கள். ஏசி, கூட்டம் குறைவு. பத்து ரூபாயிலிருந்து எழுபது வரை டிக்கெட். லோக்கலில் ஐந்து ரூபாயிலிருந்தே டிக்கெட் உண்டு, அதிலும் பாஸ் எடுத்தால் தினசரிச் செலவு என்று சொல்லவே வெட்கமாக இருக்கும். சம்பளம் உயரும்வரை நான் லோக்கல் கட்சி.

இனி வீடு. முதலில் அந்தேரி கிழக்கில் ஒரு பிஜியில், அதாவது பேயிங் கெஸ்ட் விடுதியில், இருந்தேன். ஒரு அறைக்கு மூன்று கட்டில், மூன்று அலமாரி, ஒரு ஜன்னல். கிளம்பும்போது டெபாசிட்டில் கணிசமாகப் பிடித்துக்கொண்டார்கள். சுவரில் ஆணி அடித்த தடம், பெயிண்ட் செலவு என்று கணக்கு. அந்தத் தடம் நான் வருவதற்கு முன்பே இருந்தது. ஆகவே சாவி வாங்கிய அன்றே சுவர், குழாய், பாத்ரூம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். சண்டைக்கு அல்ல, ஞாபகத்துக்கு.

தனியாக வாடகைக்கு எடுப்பதென்றால் புரோக்கர் இல்லாமல் நடப்பது அபூர்வம். அவருக்கு ஒரு மாத வாடகை. டெபாசிட் அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரைகூடக் கேட்பார்கள். ஒப்பந்தத்தை இங்கே லீவ் அண்ட் லைசென்ஸ் என்பார்கள், பெரும்பாலும் பதினோரு மாதம். மகாராஷ்டிராவில் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும், வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து போட்டு "அது போதும்மா" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காஸ் இணைப்பு, வங்கி முகவரி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவுப் பத்திரம்தான் உதவும். லாக் இன் பீரியட் என்று ஒரு வரி இருக்கும், அதற்குள் காலி செய்தால் பணம் போய்விடும், படித்துப் பார்த்துக் கையெழுத்து போடுங்கள். போலீஸ் வெரிஃபிகேஷனும் உண்டு.

அப்புறம் கேள்விகள். "பேச்சலரா? நான்வெஜ் சாப்பிடுவீங்களா? ஆண் நண்பர்கள் வருவார்களா?" சொஸைட்டி கமிட்டி என்றொரு அமைப்பு ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்கிறது, அதற்குத்தான் கடைசி வார்த்தை. மீன் சாப்பிடுவேன் என்றதும் சில வீடுகள் அதோடு போயின. கடலோர ஊரில் மீன் வாசம் ஆகாது என்பவர்களை என்ன சொல்வது! பொய் சொல்லி உள்ளே போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒளித்துச் சமைத்துக்கொண்டு பதினோரு மாதம் ஓட்டுவது பெரிய தலைவலி. முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள், அலைச்சல் மிச்சம்.

வீடு பார்க்கும்போது பலர் விட்டுவிடும் இரண்டு விஷயங்கள். ஒன்று தண்ணீர் வரும் நேரம். பல கட்டடங்களில் மாநகராட்சித் தண்ணீர் சில மணிநேரம்தான். காலை ஐந்தரைக்கு வந்து ஏழுக்கு நிற்கும் வீட்டில் இரவு ஷிப்ட் பார்ப்பவள் இருக்க முடியாது. இரண்டாவது ஒழுக்கு. முடிந்தால் ஜூலையில் வீடு பாருங்கள். ஜனவரியில் பார்த்தால் எல்லாச் சுவரும் அழகாகத்தான் இருக்கும். மேற்குப் பக்கச் சுவர், ஜன்னல் மேல் மூலை, பாத்ரூமை ஒட்டிய சுவர் இவற்றில் பெயிண்ட் உப்பியிருக்கிறதா, புதுசாகத் திட்டுத்திட்டாக அடித்திருக்கிறார்களா என்று தடவிப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு மேல்தளம் மொட்டை மாடி. மே மாதக் கடைசியில் அக்கம்பக்கத்துக் கூரைகளெல்லாம் நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொள்வதை அங்கிருந்து பார்க்கலாம்.

மழை நம்ம ஊர் மழை மாதிரி இல்லை. கோவில்பட்டியில் ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் அடித்தால் கண்மாய் நிறைந்ததா என்று பார்க்கப் போவோம். இங்கே ஜூன் பத்து, பதினைந்து வாக்கில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. துணி காயாது, அப்பளம் மதியத்துக்குள் நமுத்துவிடும், தோல் செருப்பில் பூசணம் பூக்கும். ஆபீஸில் ஒரு ஜோடி செருப்பு, ஒரு செட் உடை, துண்டு நிரந்தரமாக இருக்கட்டும். போட்டு நடக்க ரப்பர் செருப்பு, ஆனால் வழுக்காத அடிப்பாகம் உள்ளதாக. குடை காற்றுக்கு நிற்காது, ரெயின்கோட் வாங்குங்கள்.

ஏன் தண்ணீர் தேங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தினசரி முடிவு எடுப்பது சுலபம். நகரத்தின் பல பகுதிகள் கடலை இட்டு நிரப்பி உண்டாக்கிய தாழ்வான நிலம். மழைநீர் வடிகால்கள் கடலில்தான் முடிகின்றன. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் அந்தத் தண்ணீர் வெளியே போகாது, வடிகால் வாய்க் கதவை மூடாவிட்டால் கடல் உள்ளே வரும். ஆகவே கனமழை தனியாக வந்தால் சமாளிக்கலாம், நாலரை மீட்டருக்கு மேல் அலையேற்றமும் சேர்ந்து வந்தால்தான் ஆபத்து. ஒவ்வொரு பருவத்துக்கும் அந்த நாட்களின் பட்டியலை மாநகராட்சி முன்கூட்டியே வெளியிடும். நான் அதை போன் காலண்டரில் போட்டுவிடுவேன். ஹிந்த்மாதா, சயான், குர்லா, மிலன் சப்வே என்று தண்ணீர் தேங்கும் இடங்களின் பெயர்கள் செய்தியில் வர ஆரம்பித்தால் ஆபீஸை விட்டுக் கிளம்புங்கள், அல்லது கிளம்பாமல் அங்கேயே இருங்கள். நடுவழியில் மாட்டிக்கொள்வதுதான் மோசம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு தேறாது. அன்றைக்கு ஆபீஸிலேயே தூங்கியவர்களும், தண்டவாளத்தில் நடந்து வீடு போனவர்களும் என் பிரிவில் இன்னும் வேலை பார்க்கிறார்கள். மழை கறுத்தால் அவர்கள் முகத்தைப் பார்த்தே நான் பையை எடுப்பேன்.

தேங்கிய தண்ணீரில் நடக்க வேண்டாம். மூடி திறந்த பாதாளச் சாக்கடை கண்ணுக்குத் தெரியாது. 2017 ஆகஸ்ட் மழையில் பேர்பெற்ற மருத்துவர் ஒருவரே அப்படித்தான் இறந்தார். தவிர்க்க முடியாமல் நடந்தால், காலில் சிராய்ப்பு இருக்கிறதோ இல்லையோ, மறுநாளே டாக்டரைப் பாருங்கள். எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மாத்திரை உண்டு, மூன்று நாளைக்குள் சாப்பிட வேண்டும்.

வெள்ளம் வந்த மறுநாள் டிவியில் "மும்பை ஸ்பிரிட்" என்று பாராட்டுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. எங்கள் ஆபீஸில் டீ கொண்டுவரும் பையன் விரார் பக்கத்து நாலசோபாராவிலிருந்து இடுப்பளவு தண்ணீர் தாண்டி வருவது, வராவிட்டால் அன்றைய கூலி கிடையாது என்பதால். அதற்குப் பெயர் வைத்துக் கொண்டாடுபவர்கள் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

சாப்பாட்டுக்கு இங்கே யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். வடாபாவ், மிசல், கட்டிங் சாய் என்ற அரை கிளாஸ் டீ எல்லாம் ஸ்டேஷன் வாசலிலேயே. உடுப்பி ஹோட்டல் சாம்பாரில் இனிப்புத் தட்டும், போகப்போகப் பழகும், எனக்கு இன்னும் பழகவில்லை. மத்தியானத்துக்கு டிபன் சர்வீஸ் பிடித்துக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்து வீடுகளில் பெண்கள் சமைத்து அனுப்புவார்கள். நாலு சப்பாத்தி, ஒரு காய், பருப்பு, கொஞ்சம் சோறு. நம்ம சாமானுக்கு மாட்டுங்கா. இட்லி அரிசி, நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், முருங்கைக்காய், தொடுத்த மல்லிகைப்பூ, வாழையிலை எல்லாம் அங்கே கிடைக்கும். மாதம் ஒருமுறை போனால் போதும்.

காலையில் தெருவில் ரப்பர் ஹாரன் சத்தம் கேட்டால் ஜன்னலைத் திறந்து பாருங்கள். சைக்கிளில் பெரிய அலுமினியப் பாத்திரம் வைத்து இட்லி, மெதுவடை விற்பவர் வருவார். தாராவியில் விடியுமுன் அவித்து நகரம் முழுக்கக் கொண்டுபோகிறார்கள், இவர்களில் நிறையப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். எங்கள் தெருவுக்கு வருபவர் கயத்தாறு பக்கம். முதல் நாள் நான் இந்தியில் விலை கேட்டேன். "இட்லி பத்து நிமிஷம் முன்னாடி எடுத்தது மாதிரி இருக்கும், சாப்பிட்டுப் பாரு தாயி" என்று தமிழில் பதில் வந்தது. என் இந்தி அவ்வளவு லட்சணம்! சட்னி தண்ணியாகத்தான் இருக்கும், அதைக் குறை சொன்னால் "ஊர்ல தேங்கா விலை தெரியுமா?" என்பார். தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் பொங்கலன்று போய்ப் பாருங்கள், வாசலுக்கு வாசல் பானை பொங்கும்.

மீன் வாங்குபவர்களுக்குச் சில பெயர்கள். சுர்மை என்றால் நம்ம சீலா, சென்னைக்காரர்களுக்கு வஞ்சிரம். பாப்லேட் என்றால் வாவல், ராவஸ் என்றால் காலா, பாங்டா என்றால் அயிலை, தார்லி என்றால் சாளை, கோளம்பி என்றால் இறால். பொம்பில் மட்டும் நம்ம பக்கம் அதிகம் பார்க்காதது. கொழகொழவென்று இருக்கும், ரவை தடவிப் பொரித்தால் தனி ருசி. விற்பவர்கள் கோளிப் பெண்கள், மும்பைத் தீவுகளின் பூர்வகுடி மீனவர்கள். "மாவ்ஷி" என்று கூப்பிடுங்கள், சித்தி என்று அர்த்தம். செவுளைத் தூக்கிப் பார்த்தால் கோபப்படுவாள், ஆனாலும் பாருங்கள். கேட்ட விலையில் பாதி சொல்ல வேண்டாம், அது அவமானம். கொஞ்சம் குறைத்து, "உங்கிட்டதான் எப்பவும் வாங்குறேன்" என்றால் நாலு இறாலை அள்ளிப் போடுவாள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் இந்தக் கடற்கரையில் மீன்பிடித் தடை. அப்போது கிடைப்பது பெரும்பாலும் ஐஸில் கிடந்தது, விலையும் கூட. அந்தச் சமயத்தில் நான் கருவாடுதான். ஆவணி அவிட்டத்தன்று கோளிகள் கடலுக்குத் தேங்காய் விட்டு நாரளி பூர்ணிமா கும்பிடுவார்கள், அதையொட்டி நல்ல மீன் வரத்து தொடங்கிவிடும்.

கடல் பக்கத்தில் இருக்கிறோம் என்பது வாரநாளில் மறந்தே போகும். மரைன் டிரைவ் சுவரில் உட்கார மட்டும் யாரும் காசு கேட்பதில்லை. அதனால்தான் ஜோடிகள் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் ஆறு பேருக்கு ஒரு அறை என்றால் வேறெங்கே பேசுவார்கள்? உற்றுப் பார்க்காமல் நடப்பது இங்கே மரியாதை. அக்சா பீச்சில் மட்டும் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உயிர்ப்பலி வாங்கும் இடம்.

மொழிக்கு வருகிறேன். இந்தி ஒரு வருஷத்துக்குள் தானாக வரும், பயப்பட வேண்டாம். மராத்தியில் பத்து வாக்கியமாவது கற்றுக்கொள்ளுங்கள். சொஸைட்டி நோட்டீஸ், வார்டு ஆபீஸ் படிவம் எல்லாம் மராத்தியில்தான். தேவநாகரி எண்கள் கட்டாயம். இங்கே ஓடும் பெஸ்ட் டவுன் பஸ்ஸின் நெற்றியில் நம்பர் அந்த எழுத்தில்தான் இருக்கும், ஆங்கில எண் பக்கவாட்டில். பஸ் பக்கவாட்டைக் காட்டும்போது அது உங்களைத் தாண்டிப் போயிருக்கும். ஆட்டோக்காரரை "தாதா" என்று கூப்பிடுங்கள், அண்ணன் என்று அர்த்தம். ஆட்டோ பாந்திராவையும் சயானையும் தாண்டித் தெற்கே போகாது, அதற்கப்பால் டாக்ஸிதான். இரண்டிலும் மீட்டர் உண்டு. ஆட்டோவுக்குக் குறைந்தபட்சம் 26 ரூபாய், டாக்ஸிக்கு 31. சென்னையில் பேரம் பேசிப் பழகியவர்களுக்கு இது ஒன்றே போதும் இந்த ஊரை நேசிக்க.

செம்பூர், சயான் பக்கத்துப் பழைய தமிழர்களிடம் பேசினால் வேறொரு கதையும் வரும். 1966இல் சிவசேனா தொடங்கிய காலத்தில் அந்தக் கட்சிக்காரர்கள் கோபம் தென்னிந்தியர்கள் மீதுதான். கடைக்கு ஷட்டர் இறக்கிய நாட்களைச் சொல்வார்கள். இப்போது அந்தக் கோபம் வடக்கேயிருந்து வருபவர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. "நம்மள விட்டுட்டாங்க" என்று சிரிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பக்கத்து அறையில் இருப்பவள் உத்தரப்பிரதேசத்து ஜோன்பூர்க்காரி.

கடைசியாக, ஊருக்குப் போவது. சிஎஸ்எம்டியிலிருந்து நாகர்கோவில் வண்டி மதுரை, கோவில்பட்டி வழியாகப் போகும், தினசரி கிடையாது, ஒன்றரை நாள் பயணம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், காலை எட்டு மணிக்கு. அதாவது பொங்கல் டிக்கெட்டை நவம்பர் நடுவில் பிடிக்க வேண்டும். அதைவிடக் கஷ்டம் லீவு. இங்கே சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொடுப்பார்கள், ஆபீஸ் திறந்திருக்கும். எங்கள் பிரிவில் கொங்கண் பக்கத்து மராத்திக்காரர்கள் கணபதிக்கு, அதாவது விநாயகர் சதுர்த்திக்கு, ஊருக்குப் போயே தீருவார்கள். அந்த வாரம் அவர்கள் வேலையை நான் பார்த்துக்கொள்வேன், பொங்கலுக்கு என் வேலையை அவர்கள் பார்ப்பார்கள். இந்தப் பேரத்தை ஜூலையிலேயே முடித்துவிடுங்கள். ஆகஸ்ட் வரை விட்டால் பிகார்ப் பையன் சட் பூஜைக்காக உங்களுக்கு முன்னால் பேசி முடித்திருப்பான்.